சுருட்டை முடிக்கு மருதாணி: மலைக்குளிரில் முதல் முறை போடுபவர்களுக்கு

கோத்தகிரியில் ஜனவரி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுகூட விழாது. வெள்ளைக் கட்டியாக உறைந்திருக்கும். வெந்நீர்ச் செம்புக்குள் பாட்டிலை நிறுத்தி, இளகிய பிறகுதான் தலைக்குத் தேய்ப்போம். எண்ணெய்க்குக் குளிர் என்ன செய்யும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மருதாணிக்குக் குளிர் என்ன செய்யும் என்பது அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனக்கு அது புரியவே பல வருடம் ஆனது.

என் முடி இறுக்கமான சுருட்டை. நனைந்திருக்கும்போது ஒரு சுருளைப் பிடித்து இழுத்தால் தோளைத் தாண்டும். காய்ந்ததும் காதோரம் ஏறி நின்றுவிடும். முதல் நரை தெரிந்த வருடம், மேட்டுப்பாளையத்துச் சித்தி தன் முறையைச் சொல்லிக் கொடுத்தார்: பச்சை இலையை அம்மியில் அரைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, தலை நிறைய அப்பி, இரண்டு மணி நேரம் கழித்து அலசு. அவருக்குக் கோரை முடி. நாற்பது வருடமாக அப்படித்தான் போடுகிறார், பளபளவென்று இருக்கும். இலைக்குப் பதில் பொடி வாங்கி, மற்றதெல்லாம் சித்தி சொன்னபடியே ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை செய்தேன். நரையில் நிறம் சரியாக ஏறவில்லை. முடியோ தேங்காய் நார் போல முறுக்கிக்கொண்டது. ஒரு மாதம் சீப்பு இறங்கவில்லை. "உன் முடிக்கு மருதாணி சேராது, விட்டுவிடு" என்றார்கள்.

சேராமல் இல்லை. அன்று இரண்டு தனித்தனித் தவறுகள் ஒரே நேரத்தில் நடந்திருந்தன. நிறம் ஏறாததற்குக் காரணம் ஊரின் குளிர். முடி நாரானதற்குக் காரணம் சுருளின் அமைப்பு. சித்தியின் முறை வெயிலூருக்கும் கோரை முடிக்கும் உரிய முறை. அதை அப்படியே மலைக்கும் சுருட்டைக்கும் கொண்டுவந்ததுதான் பிழை. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் சுலபம்.

மருதாணி முடியில் என்ன வேலை செய்கிறது?

மருதோன்றி, அழவணம், ஐவணம் என்றெல்லாம் பெயர் கொண்ட இந்தச் செடியின் இலையில் லாசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. செடியின் தாவரவியல் பெயர் லாசோனியா இனர்மிஸ். ஐசக் லாசன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் லின்னேயஸின் நண்பர். அவர் பெயரைத்தான் லின்னேயஸ் செடிக்கு வைத்தார். செடியின் பெயரிலிருந்து சாயத்துக்குப் பெயர் வந்தது.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். நகமும் அதுதான், உள்ளங்கையின் மேல்தோலும் அதுதான். ஆடி மாதம் கையில் வைத்த மருதாணி, தோல் உரிந்து புதிதாக வளரும்வரை போகாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நகத்தில் ஏறியது நகம் வளர்ந்து வெட்டி எறியும்வரை இருக்கும். லாசோன் கெரட்டினோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துகொள்வதுதான் காரணம். முடியிலும் இதே கதை. ஏறிய நிறம் அலசினால் போகாது, அந்த முடி வளர்ந்து வெட்டுப்படும்வரை இருக்கும். கருப்பு முடியை அது வெளுக்க வைக்காது. வெயிலில் பார்த்தால் செம்மை தெரியும், அவ்வளவே. நரையில் மட்டும் ஆரஞ்சாகவோ செம்பு நிறமாகவோ பிடிக்கும்.

பலரும் மருதாணியை ஒரு வகை எண்ணெய்க் குளியல் போல, முடியை மிருதுவாக்கும் பொருள் என்று நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். மருதாணி முடிக்கு ஈரத்தையோ எண்ணெய்ப் பசையையோ தருவதில்லை. இழையின் மேல் அடுக்குகளில் ஏறி உட்கார்ந்து அதைத் தடிப்பாக, உறுதியாக, கொஞ்சம் விறைப்பாக ஆக்குகிறது. மெலிந்து தொங்கும் கோரை முடிக்கு இந்த விறைப்பு வரம். ஏற்கெனவே வறண்டிருக்கும் முடிக்கு இதே விறைப்புதான் நாராகத் தெரிகிறது.

சுருட்டை முடி ஏன் எப்போதும் வறண்டே இருக்கிறது?

தலைத்தோலில் இயல்பாகச் சுரக்கும் எண்ணெய், நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருளில் அது இறங்க முடியாது. ஒவ்வொரு வளைவும் ஒரு தடை. மயிர்க்காலே வளைந்திருப்பதால் முடி பிறக்கும்போதே வளைந்து பிறக்கிறது. இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, தட்டையான நீள்வட்டமாக இருக்கும். வளையும் இடங்களில் மேற்செதில்கள் சற்றுத் தூக்கி நிற்பதால் உள்ளே இருக்கும் ஈரம் சீக்கிரம் போய்விடும். முடி ஒடிவதும் பெரும்பாலும் அந்த வளைவுகளில்தான்.

இதனால் சுருட்டை முடிக்கு முதல் தேவை ஈரமும் கொழுப்பும். இதை நம் மலை மக்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். தோடர் பெண்கள் முடியைச் சுருள்சுருளாகத் திரித்து, எருமை வெண்ணெய் தடவிப் பராமரிப்பது இங்கே பலருக்கும் தெரிந்த வழக்கம். கூடலூர்ப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் மக்களில் பலருக்கு இறுக்கமான சுருட்டை முடி இயல்பிலேயே உண்டு. பள்ளிக்கூடத்தில் எங்களைப் போன்ற பிள்ளைகளிடம் "எண்ணெய் வெச்சு படியச் சீவிட்டு வா" என்று சொல்லும்போது, எங்கள் முடி படியாததைச் சோம்பலாகத்தான் பார்த்தார்கள். அது சோம்பல் இல்லை, முடியின் பிறவி வடிவம். "பரட்டை" என்ற சொல்லைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள் என்று யாரிடமும் கேட்டுக்கொள்ள எனக்குத் தயக்கமே இல்லை.

மருதாணி சுருளைத் தளர்த்திவிடுமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. தளர்த்தலாம். ரசாயனம் போட்டு முடியை நேராக்கும்போது முடிக்குள் இருக்கும் பிணைப்புகளே உடைகின்றன. மருதாணி அப்படி உடைப்பதில்லை. ஆனால் திரும்பத் திரும்ப முடி முழுக்கப் போட்டால் படிவு ஏறி, இழை கனத்து, இறுக்கமான சுருள் நெளியாக இறங்கக்கூடும். எல்லோருக்கும் ஆவதில்லை; ஆனவர்களுக்கு அந்த நீளம் வெட்டுப்படும்வரை பழைய சுருள் முழுதாகத் திரும்பாது. சிலருக்கு அது பிடித்தே இருக்கிறது, சிக்கு குறைகிறது என்கிறார்கள். சுருள் அப்படியே வேண்டும் என்பவர்கள் முடி முழுக்கப் போடுவதைத் தவிர்த்து, வேரில் நரை தெரியும் இடத்துக்கு மட்டும் போட வேண்டும். கலவையில் கால் பங்கு நெல்லிப்பொடி சேர்த்தால் சுருள் இறங்காமல் நிற்கும் என்பது சுருட்டை முடிக்காரர்களின் அனுபவப் பேச்சு. என் முடியில் எனக்கும் அப்படியே தெரிகிறது. நெல்லி சேர்ந்தால் ஆரஞ்சின் பளீரும் கொஞ்சம் அடங்கும்.

குளிர் செய்யும் வேலை

இலைப்பொடியில் லாசோன் தயாராக இருப்பதில்லை. சர்க்கரையோடு பிணைந்த ஒரு முன்வடிவமாக இருக்கிறது. நீர் ஊற்றிக் குழைத்து, கொஞ்சம் புளிப்பான சூழலில் நேரம் கொடுத்தால்தான் அது விடுபட்டு முடியில் பிடிக்கும் நிலைக்கு வரும். இந்த வேலை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைச் சூடுதான் தீர்மானிக்கிறது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். அங்கே 35 டிகிரி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் போதும். 20 டிகிரி அறையில் ஓர் இரவு முழுக்க வேண்டும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், உதகை சுமார் 2,240 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி விழும் ஊரில், சமையலறை மேடையில் ராத்திரி முழுக்க வைத்த கலவையும் காலையில் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். கொடைக்கானல்காரர்களுக்கும் இதே நிலைமைதான்.

அதனால் கலவையைக் கதகதப்பாக வைக்க வேண்டும். கொதிக்க வைக்கக் கூடாது, கொதிநீர் சாயத்தைக் கெடுக்கும். நான் செய்வது இது: கைபொறுக்கும் சூட்டு நீரில் கெட்டித் தயிர் பதத்துக்குக் குழைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்ட மூடி, கிண்ணத்தை வெந்நீர் ஊற்றிய பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, கம்பளியால் சுற்றிவிடுவேன். நீர் ஆறினால் மாற்றுவேன். விறகடுப்பு இருக்கும் வீட்டில் அடுப்பங்கரைத் திண்டு போதும். நாலு மணி நேரம் கழித்து உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து, ஐந்து நிமிடத்தில் துடைத்துப் பாருங்கள். தெளிவான ஆரஞ்சுக் கறை நின்றால் தயார். நிற்காவிட்டால் இன்னும் காத்திருங்கள். கடிகாரத்தை நம்பாமல் இந்தப் பொட்டை நம்புங்கள்.

தலையில் போட்ட பிறகும் இதே விதிதான். தலை குளிர்ந்தால் பிடிப்பு மந்தமாகும். "மருதாணி குளிர்ச்சி, சளி பிடிக்கும்" என்று பெரியவர்கள் தடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஈரக் கலவை காற்றில் உலர உலரத் தலையின் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். மலைக்காற்றில் உடம்பு நடுங்கிவிடும். ஷவர் கேப் போட்டு, மேலே துண்டு சுற்றி, அதற்கும் மேலே ஒரு பழைய கம்பளிக் குல்லா மாட்டுங்கள். ஈரம் உலராது, சூடும் போகாது. வெயில் அடிக்கும் நாளில் காலை பத்து மணிக்குப் போட்டு மதியம் இரண்டுக்குள் அலசிவிடுங்கள். மாலையில் ஆரம்பிக்கவே வேண்டாம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பர் மழையிலும், கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும் சுருட்டை முடி காய நாள் முழுக்க ஆகும். அந்த மாதங்களைத் தள்ளிப்போடலாம்.

பொடி வாங்கும்போது

மருதாணிச் செடி வறண்ட வெயில் நிலத்துச் செடி, உறைபனி அதற்கு ஆகாது. மலையில் அது செழிக்காததால் இங்கே பொடிதான் வழி. ராஜஸ்தானில் பாலி மாவட்டத்துச் சோஜத் பகுதிப் பொடிக்கு நல்ல பெயர். எந்த ஊர்ப் பொடியானாலும் பாக்கெட்டில் உள்ளடக்கம் என்ற வரியைப் படியுங்கள். மருதாணி இலை மட்டும் என்று இருக்க வேண்டும்.

"கருப்பு மருதாணி" என்று விற்பதைத் தொடாதீர்கள். சுத்தமான மருதாணி எந்தக் காலத்திலும் கருப்பாகப் பிடிக்காது. பத்து நிமிடத்தில் கருப்பாக்கும் பொடியில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்கும். சிலருக்கு அது தலைத்தோலைக் கொப்பளிக்க வைத்து, முகம் வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்தால் வாழ்நாள் முழுக்க எந்தக் கருப்புச் சாயமும் ஆபத்தாகலாம். உலோக உப்பு கலந்த பொடிகளும் உண்டு. அந்த முடியில் பிறகு பிளீச் பட்டால் சூடேறி முடி கருகும். கருப்பாகவே வேண்டும் என்றால் மருதாணி போட்டு அலசிய பிறகு அவுரிப்பொடி போடும் பழைய இரண்டு கட்ட முறை இருக்கிறது. ஆனால் அவுரி சுருட்டை முடியை இன்னும் வறட்டும். முதல் தடவையே அதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

சுருட்டை முடிக்குப் பொடி நைசாக இருப்பது மிக முக்கியம். மணலும் இலைநரம்பும் சுருளுக்குள் புகுந்தால் மூன்று குளியலுக்கு உதிர்ந்துகொண்டே இருக்கும். பச்சை இலை அரைத்துப் போடுவது சுருட்டைக்குத் தோதில்லை என்று நான் சொல்வதும் இந்த நாரினால்தான். சித்த மருந்துக்காரர்கள் வஸ்திரகாயம் என்பார்கள்: மெல்லிய வேட்டித் துணியைப் பாத்திரத்தின் வாயில் கட்டி, அதில் பொடியைத் தேய்த்துச் சலிப்பது. கடைப் பொடியையும் ஒருமுறை அப்படிச் சலித்துவிடுங்கள்.

முதல் முறை போடும்போது முடி முழுக்கப் போடாதீர்கள். முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள், அரிப்பு இருந்தால் அதோடு நிறுத்துங்கள். சீப்பில் உதிர்ந்த முடியைச் சேர்த்து வைத்து அதில் போட்டுப் பார்த்தால் நிறமும் தெரியும், விறைப்பும் தெரியும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு லாசோன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். வீட்டில் யாருக்காவது அந்தக் குறைபாடு இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மருதாணி வேண்டாம். கைக்குழந்தைகளுக்கு எப்போதும் வேண்டாம்.

போடும் முறை

எலுமிச்சைச் சாற்றைச் சுருட்டை முடிக்கு நான் சேர்ப்பதில்லை. அத்தனை புளிப்பு தேவையில்லை, வறட்சி கூடும். நெல்லிப்பொடியின் புளிப்பே போதும். தேயிலை ஊரில் எல்லோரும் டிகாக்‌ஷன் ஊற்றுவார்கள்; ஊற்றலாம், லேசான புளிப்பு அதிலும் உண்டு. அதனால் நிறம் ரொம்ப மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தொடக்கக்காரர்களுக்கு நான் சொல்வது நீர்த்த கலவை. சாயம் விட்டுத் தயாரான மருதாணி ஒரு பங்கு, அதோடு வாசனையும் சிலிக்கோனும் குறைந்த சாதாரண கண்டிஷனர் மூன்று பங்கு. கண்டிஷனர் வேண்டாம் என்பவர்கள் வடிகட்டிய கெட்டித் தேங்காய்ப்பால் சேர்க்கலாம். இப்படிப் போட்டால் நிறம் மென்மையாக ஏறும், விறைப்பு பாதிக்கு மேல் குறையும், அலசுவதும் எளிது. ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம் போதும். நரையை முழுக்க மறைக்கத்தான் வேண்டும் என்றால் கெட்டிக் கலவையை வேர்ப்பகுதிக்கு மட்டும் போட்டு மூன்று நாலு மணி நேரம் விடுங்கள். நுனிப்பகுதிக்கு அந்த நேரத்தில் வெறும் கண்டிஷனர் பூசிக் காப்பாற்றுங்கள்.

முதல்நாள் ஷாம்பு போட்டு அலசி, ஈரத்திலேயே பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, எட்டுப் பத்துப் பகுதியாகப் பிரித்துத் தளரப் பின்னிவிடுங்கள். இந்தப் பின்னல்தான் பாதி வேலை. போடும்போது ஒரு பின்னலை அவிழ்த்து, பூசி, சுருட்டிக் குத்திவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். எண்ணெய் கனமாக இருந்தால் சாயம் பிடிக்காது, அதனால் அன்று எண்ணெய் வேண்டாம். பார்க்கத் தோளளவு இருக்கும் சுருட்டை, இழுத்தால் இடுப்புவரை வரும். அதனால் கோரை முடிக்காரர் சொல்லும் அளவைவிட உங்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். தோளளவுக்கு 200 கிராம் குழைத்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் விழுந்தால் உறைபெட்டியில் கட்டி வைக்கலாம், அடுத்த தடவைக்கு ஆகும்.

அலசும்போதுதான் பலரும் முடியை ஒடித்துக்கொள்கிறார்கள். தேய்க்கவே கூடாது. இரண்டு பக்கெட் வெதுவெதுப்பான நீர் வைத்து, குனிந்து தலையை அதில் முக்கி, தண்ணீருக்குள்ளேயே முடியை மெல்ல அசையவிடுங்கள். கலவை தானாகக் கரைந்து இறங்கும். பிறகு கை நிறைய கண்டிஷனர் பூசி, விரலால் மட்டும் கோதி, மறுபடி முக்குங்கள். மலை ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர் என்பது நமக்கு வாய்த்த நன்மை. போர்வெல் உப்புநீரில் அலசும் சமவெளிக்காரர்களுக்கு விறைப்பு இன்னும் கூடும். அன்று ஷாம்பு வேண்டாம்.

அதற்குப் பிறகு ஈரம் கொடுக்கும் வேலை. இதை விட்டால் மருதாணி போட்டதே வீண். ராத்திரி ஊறவைத்த வெந்தயத்தை அரைத்துத் துணியில் வடிகட்டினால் வரும் வழுவழுப்பையோ, செம்பருத்தி இலையைக் கசக்கி எடுக்கும் தாளியையோ தலை முழுக்கப் பூசி அரை மணி நேரம் வைத்து அலசுங்கள். இரண்டையுமே வடிகட்டாமல் போடாதீர்கள். ஈரம் முழுதாகக் காயும் முன்பே, இளக்கிய தேங்காய் எண்ணெயை நாலைந்து சொட்டு உள்ளங்கையில் தேய்த்துச் சுருள்களை அழுத்திப் பிடித்துவிடுங்கள். மற்ற பல எண்ணெய்கள் மேலே நிற்கும்போது தேங்காய் எண்ணெய் இழைக்குள் இறங்கும். இதே வேலையை அடுத்த வாரமும் ஒருமுறை செய்யுங்கள். முதல் வாரம் கொஞ்சம் விறைப்பு இருக்கத்தான் செய்யும். இரண்டாவது ஈரக்குளியலுக்குப் பிறகு இளகிவிடும்.

அலசிய அன்று கண்ணாடியில் நரை கேரட் நிறத்தில் தெரியும். பயந்துபோய் அதன் மேல் வேறு சாயம் போடாதீர்கள். காற்றுப்பட்டு இரண்டு மூன்று நாளில் அது செம்பழுப்பாக இறங்கும். அதுவரை பழைய தலையணை உறை போட்டுக்கொள்ளுங்கள். ஆறு எட்டு வாரம் கழித்து வேரில் வெள்ளை தெரியும்போது, புதிதாக வளர்ந்த அந்த ஓர் அங்குலத்துக்கு மட்டும் போடுங்கள்.